கூடுதல் 20 சதவீத இடம்: வாங்கிக்கொள்வதா, வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதா?

கரும்பலகை எழுதியது:

மதுரைக்கு மேற்கே ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவராக இருக்கிறேன். சேர்க்கைக் குழுவிலும் என் பெயர் உண்டு. எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. ஊகித்தவர்களும் தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம்.

2025 சேர்க்கையில் அரசுக் கல்லூரிகள் 20 சதவீதம், உதவிபெறும் கல்லூரிகள் 15 சதவீதம், சுயநிதிக் கல்லூரிகள் 10 சதவீதம் வரை இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்திருக்கிறது. செய்தியாகப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வராந்தாவில் சான்றிதழ்க் கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் ஒருவரையும் திருப்பி அனுப்ப மனம் வராது. ஆனால் 60 பேர் வகுப்பு 72 ஆகும்போது புதிதாக வருவது மாணவர்கள் மட்டும்தான். பணியிடம் வராது, அறை வராது. சில்லறைச் செலவுக்கான ஒதுக்கீட்டில் இந்த ஆண்டு வெட்டு வேறு விழுந்திருக்கிறது.

ஏன் பணியிடம் வராது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். தலையை எண்ணிப் பணியிடம் கொடுப்பதில்லை, கற்பிக்கும் நேரத்தை எண்ணித்தான் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கு 14. ஓர் அறையில் 60 பேர் இருந்தாலும் 72 பேர் இருந்தாலும் கணக்கில் அது ஒரு மணி நேரம்தான். ஆகவே காகிதத்தில் யாருக்கும் வேலை கூடவில்லை.

ஆய்வகத்துக்கு வாருங்கள். எங்கள் துறையில் 40 இடம், கூட்டினால் 48. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்துக் கரைசலில் எவ்வளவு ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது என்று அளக்கும் சோதனை உண்டு. அமிலக் கரைசலை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத்தான், பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயான பியூரெட்டைத் திறக்க வேண்டும். எரிவாயுச் செலவைக் குறைப்பதற்காக நான்கு பேருக்கு ஓர் அடுப்பு என்று ஆக்கிவிட்டோம். முதல் மாணவிக்குச் சரியாக வருகிறது. நான்காவது மாணவி மணியைப் பார்க்கிறாள், கரைசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பியூரெட்டைத் திறந்துவிடுகிறாள். சூடு போதாததால் வினை மெதுவாகி, முதல் சில சொட்டுகளிலேயே இளஞ்சிவப்பு மறையாமல் நின்றுவிடுகிறது. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து அளவைக் குறித்துக்கொள்கிறாள். பிறகு பக்கத்துப் பெண்ணின் அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாள். நாங்களும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இதில் இன்னும் எட்டுப் பேரா?

என் யோசனை: தமிழ், வரலாறு, பொருளியலில் கூடுதல் இடங்களை வாங்கிக்கொள்வோம், அறிவியல் துறைகளில் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்போம். அடுத்த வாரம் துறைத் தலைவர்கள் உட்காரும் கல்லூரிப் பேரவை கூடுகிறது. அதற்குள் மற்றவர்களின் கருத்தைக் கேட்கலாம் என்று பார்க்கிறேன்.

சும்மா ஒரு கேள்வி எழுதியது:

இடம் தருகிறோம் என்கிறது அரசு. வேண்டாம் என்கிறது கல்லூரி. என் மகள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள். தனியார் கல்லூரிக்குக் கட்ட என்னிடம் பணம் இல்லை. அடுப்பு இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்துவீர்களா?

பதினோரு மாதம் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் இன்னோர் அரசுக் கல்லூரியில் பொருளியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினோரு மாதம். மே மாதம் வீட்டில் அரிசி வேகாது என்று நினைக்கிறார்களோ என்னவோ. மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்றது. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தோம். அதை இங்கே நீட்டவில்லை.

உங்கள் யோசனைதான் எனக்கு உறுத்துகிறது. கலைப் பாடங்களில் ஆய்வகம் இல்லை, ஆகவே 72 பேரைத் திணிக்கலாம் என்கிறீர்கள். உங்களிடம் பியூரெட் இருக்கிறது, அதைக் காட்டி மறுக்க முடிகிறது. எங்களிடம் காட்டுவதற்கு ஒரு பொருளும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. முதல் ஆண்டில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்தவர்கள். தேவை வளைகோட்டைக் கரும்பலகையில் வரைந்தால் போதாது, ஒவ்வொருவர் நோட்டிலும் எட்டிப் பார்த்தால்தான் அச்சுகளை மாற்றிப் போட்டிருப்பது தெரியும். 40 பேர் என்றால் பார்க்கலாம். 72 பேரில் யாருடைய நோட்டைப் பார்ப்பது?

உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றுக்கு 72 தாள். மூன்று வகுப்பு என்றால் 216. அதை நிரந்தர ஆசிரியர் திருத்தமாட்டார், என்னிடம்தான் வரும்.

நாலு மாசி வீதி எழுதியது:

ஊரெல்லாம் பட்டதாரிதான். பட்டம் வாங்கிவிட்டு விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறார்கள். இத்தனை பேருக்குக் கல்லூரி எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

பதினோரு மாதம் எழுதியது:

அண்ணாச்சி, துணி மடிப்பது படிப்பு முடிந்த பிறகு மட்டுமில்லை, படிக்கும்போதே மடிக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் என் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கும். அந்தச் சம்பளத்தில்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம். அந்த 47 சும்மா வரவில்லை. ஊர் நடுவில், மாசி வீதியில் பிறக்காதவர்கள் கல்லூரிக்கு வந்ததால் வந்தது.

நிர்வாகத்தரப்பு எழுதியது:

உதவிபெறும் கல்லூரி ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். அரசுக் கல்லூரிக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. எங்களிடம் அரசு ஊதியம் பெறும் பேராசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்ப அனுமதி வாங்குவதற்குள் அடுத்தவர் ஓய்வு பெற்றுவிடுகிறார். இடைக்காலத்தில் நிர்வாகம் தன் பணத்தில் ஆள் போடுகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மதியம் நடக்கும் சுயநிதிப் பிரிவிலிருந்து. கணினிப் பயன்பாடு சேர்த்த வணிகவியலில் கட்டணம் கட்டுகிற பிள்ளைகள்தான் காலை வகுப்பின் தத்துவத்தையும் விலங்கியலையும் தாங்கிப் பிடிக்கிறார்கள். இதை எந்த ஆண்டறிக்கையிலும் எழுதமாட்டோம்.

மதுரையில் 1949இல் கருமுத்து தியாகராசர் தம் செல்வத்தைப் போட்டுக் கல்லூரி கட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு லேடி டோக் கல்லூரி தொடங்கியது. அமெரிக்கன் கல்லூரிக்கோ 1881இலிருந்து வரலாறு. அந்த வகைக் கொடையாளர்களை இன்று எங்கே தேடுவது? முன்னாள் மாணவர் சங்கத்தில் கேட்டால் நினைவுத் தூண் கட்டித் தருகிறேன் என்கிறார்கள். பெஞ்ச் வாங்கித் தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு மாற்று யோசனை. எல்லோரையும் மூன்றாண்டுப் பட்டத்தில் அடைக்காமல் சமுதாயக் கல்லூரி முறையில் ஓராண்டுப் பட்டயம் கொடுக்கலாமே. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கியது, 2013இல் மானியக் குழுவே அதற்குத் திட்டம் வகுத்தது. கல்லூரிக்குள்ளேயே, சுற்று வட்டாரத்தில் வேலை கொடுக்கிறவர்களைக் கலந்து பாடம் வகுப்பது.

திருநகர்ப் பையன் எழுதியது:

சமுதாயக் கல்லூரி என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. கலிபோர்னியாவில் அந்த வகைக் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்துகிறேன், பகுதிநேரமாக. மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள். நுழைவுத் தேர்வு கிடையாது. பதினெட்டு வயதானவர் யாரும் வரலாம். இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் மாறலாம்.

கரும்பலகை சார், நீங்கள் சொல்வது இங்கே 2008க்குப் பிறகு அப்படியே நடந்தது. பொருளாதாரம் விழுந்தது, வேலை போனவர்கள் எல்லோரும் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அதே வீழ்ச்சியில் மாநிலத்தின் வரி வருமானமும் போய்விட்டதால் கல்லூரி நிதியை வெட்டினார்கள். கூட்டம் கூடுவதற்கும் பணம் குறைவதற்கும் காரணம் ஒன்றே. அதனால்தான் அப்போது இந்தக் கல்லூரிகள் திணறின.

உங்களுக்கு வகுப்பு நேரம் அளவுகோல், எங்களுக்கு அப்போது மாணவர் எண்ணிக்கை அளவுகோல். தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் கொடுக்கும், ஆனால் உச்சவரம்பு உண்டு. வரம்பைத் தாண்டிச் சேர்த்த மாணவருக்கு ஒரு காசு வராது. சில கல்லூரிகள் மனம் கேட்காமல் சேர்த்தன. பிறகு எல்லோருமே வகுப்புகளைக் குறைத்தார்கள். பாடத்தின் அளவை அலகு என்று கணக்கிடுவார்கள்; கட்டணம் ஓர் அலகுக்கு 20 டாலராக இருந்தது 2009இல் 26, 2011இல் 36, 2012இல் 46 என்று ஏறியது. கணிதத்தில் இடம் கிடைக்காதவர் ஏதோ ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருந்தார். இரண்டாண்டுப் படிப்பு பலருக்கு நான்காண்டானது.

சாண்டா மோனிகா கல்லூரி 2012இல் ஒரு வழி கண்டுபிடித்தது. நெருக்கடியான பாடங்களுக்குக் கூடுதல் வகுப்பு திறக்கிறோம், ஆனால் அந்த வகுப்புக்குப் பல மடங்கு கட்டணம் என்றது. நிர்வாகக் கூட்டத்தில் மாணவர்கள் திரண்டார்கள், வளாகக் காவலர் மிளகுத் திரவத்தைப் பீய்ச்சினார், செய்தி நாடெங்கும் போனது, திட்டத்தைக் கைவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கட்டணம், மதியம் ஒரு கட்டணம். நான் மதுரையில் மதிய வகுப்பில் படித்தவன். எங்களுக்கு அது போராட வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை.

பதினோரு மாதம் அவர்களுக்கு: இங்கே பகுதிநேர ஆசிரியர் ஒரே கல்லூரி மாவட்டத்தில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள வட்டாரத்தில்) முழுநேரப் பணியின் 67 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே காலையில் ஒரு கல்லூரி, மாலையில் வேறு மாவட்டத்தில் இன்னொன்று. நடுவில் காரில் இட்லி. முழுநேர ஆசிரியர்கள் 75 சதவீத வகுப்புகளை நடத்த வேண்டும் என்று 1988இல் சட்டத்திலேயே இலக்கு வைத்தார்கள். இலக்கு இன்னும் சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நிர்வாகத்தரப்பு எழுதியது:

தம்பி, மதிய வகுப்பு இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் எங்கே படித்திருப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

திருநகர்ப் பையன் எழுதியது:

உண்மைதான் ஐயா. அப்பா கடன் வாங்கிக் கட்டினார், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கரும்பலகை எழுதியது:

பட்டயம் பற்றி: நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் வாசலில் நிற்பவர்கள் அதற்காக வரவில்லை. அரசு வேலைத் தேர்வுகளில் குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2க்குப் பட்டம் வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெற்றோருக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் கல்லூரியிலும் ஒரு காலத்தில் பட்டய வகுப்பு நடந்தது. மானியம் நின்றதும் பயிற்றுநர் போனார், தையல் இயந்திரங்கள் மட்டும் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. நான் குறை சொல்லவில்லை, பிளஸ் 2 முடித்துத் திருமணத்துக்குப் போயிருக்க வேண்டிய பெண்கள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் மாணவர் கணக்குக்கு நேராகப் போகிறது, போகவும் வேண்டும். அவர்களை வரவழைத்த திட்டத்துக்கு ஒரு தலைப்பில் பணம், வந்தவர்களுக்குக் கழிப்பறை கட்ட வேறொரு தலைப்பு. இரண்டாவது தலைப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பதினோரு மாதம் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

மல்லிகைத் தோட்டம் எழுதியது:

நான் இப்படி ஒரு கூடுதல் இடத்தில் சேர்ந்து பி.ஏ. முடித்தவள். ஆகவே இடமே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியாது. ஆனால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது.

எங்கள் வீட்டில் பூத்தோட்டம். மல்லிகையை மொட்டாக, வெயில் ஏறுவதற்கு முன்பு பறித்தாக வேண்டும். பறித்து, வண்டியில் ஏற்றிவிட்டு, குளித்து, காலை ஷிப்ட்டுக்கு வந்து சேர முடியாது. முதல் பருவத்தில் எனக்கு வருகைப் பதிவு குறைந்ததற்கு அதுதான் காரணம். மதிய ஷிப்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், தப்பித்தேன். சாயங்காலம் வேறு சிக்கல். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பதால் டிக்கெட் பிரச்சினை இல்லை, பஸ்தான் பிரச்சினை. கடைசி வகுப்பு முடிவதற்குள் எங்கள் ஊர் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் வந்தால் இருட்டிவிடும், வீட்டில் கேள்வி வரும். அந்தக் கடைசி வகுப்பை நான் பாதிக்கு மேல் கேட்டதில்லை. என்னோடு சேர்ந்த மூன்று பேர் இரண்டாம் ஆண்டுக்கு வரவில்லை, மூவரும் பஸ்ஸால்தான் நின்றார்கள்.

சேர்க்கும்போது 72 என்று எழுதுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை பேர் தேர்வு எழுதுகிறார்கள் என்று பாருங்கள், அதற்குப் பிறகு எத்தனை இடம் வேண்டும் என்று பேரவையில் பேசுங்கள். கூடுதல் இடங்களை மதிய ஷிப்ட்டில் கொடுத்து, கடைசி வகுப்பை அரை மணி நேரம் முன்னே தள்ள முடியுமா என்றும் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் பெரிய உதவிதான், எனக்கு அப்போது அது இல்லை. இருந்திருந்தாலும் பஸ் வந்திருக்காது.

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

முப்பது ஆண்டு கல்லூரி அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். பேராசிரியர்கள் எல்லோரும் நியாயம் பேசுகிறீர்கள். கோப்பு நியாயத்தைப் படிக்காது, அதோடு இணைத்த ஆவணங்களைத்தான் படிக்கும்.

துறைத் தலைவர் ஐயா முதல் பதிவிலேயே விடையைச் சொல்லிவிட்டு அதைக் கவனிக்காமல் போய்விட்டார். நேரத்தை எண்ணித்தான் பணியிடம் என்றால், 60ஐ 72 ஆக்குவதால் ஒரு நாளும் பணியிடம் பிறக்காது. இரண்டாவது பிரிவு, அதாவது அதே படிப்புக்கு இன்னொரு தனி வகுப்பு கேட்டால் பிறக்கும். பிரிவு வந்தால் எல்லாப் பாடத்துக்கும் தனி நேரம் வரும், நேரத்தைக் கூட்டிப் பதினாறால் வகுத்தால் எத்தனை பணியிடம் என்று வந்துவிடும். நிரந்தரப் பணியிடம் கொடுக்காவிட்டாலும் கௌரவ விரிவுரையாளருக்காவது வழி பிறக்கும். கூடுதல் 20 சதவீதத்தை வருஷா வருஷம் வாங்கி விழுங்கிக்கொண்டே இருந்தால் மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆள் இல்லாமலே சமாளிக்கிறார்கள், இருக்கட்டும் என்பார்கள். மறுத்தாலும் ஆபத்துதான், தேவை இல்லை போலிருக்கிறது என்பார்கள். ஆகவே வாங்குங்கள், வாங்குகிற கடிதத்திலேயே இது ஓர் ஆண்டுக்கு மட்டும், அடுத்த ஆண்டு பிரிவு வேண்டும் என்று எழுதுங்கள்.

பிரிவுக்குப் பல்கலைக்கழக இணைவிப்பு வேண்டும், நிதித்துறை இசைவு வேண்டும். அடுத்த பட்ஜெட்டுக்கான மதிப்பீடுகள் செப்டம்பர், அக்டோபரில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பலர் சேர்க்கை, தேர்வு எல்லாம் முடிந்து பிப்ரவரியில் முன்மொழிவு அனுப்புவார்கள். அப்போது எழுதினால் ஒரு வருடம் வீண். ஜூலைக்குள் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்.

பெஞ்ச் விஷயம். கட்டடத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்ச் மலைபோல் கிடக்குமே, அது இருப்புப் பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கும். கணக்கில் பெஞ்ச் இருக்கிறது, பிறகு எதற்குப் புதியது என்று திருப்பி அனுப்புவார்கள். முதலில் அதைப் பயன்பாட்டுக்கு உதவாதவை என்று சான்று வாங்கிப் பதிவேட்டிலிருந்து கழித்து ஏலம் விடுங்கள். தேக்குச் சட்டம் நன்றாக இருந்தால் ஏலத்துக்கு முன்பே தச்சரைக் கூப்பிட்டு மூன்றை இரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம், பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் அதற்கு இடம் உண்டு.

சும்மா ஒரு கேள்வி எழுதியது:

இரண்டாவது பிரிவு அடுத்த ஆண்டு வரும். என் மகள் இந்த ஆண்டு நிற்கிறாள்.

கரும்பலகை எழுதியது:

அவர் கேட்பது சரி, ஆகவே பேரவையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். தமிழ், வரலாறு, பொருளியல் மூன்றிலும் கூடுதல் இடத்தை வாங்குகிறோம். கணிதமும் சேர்ந்துகொண்டது, அந்தத் துறைத் தலைவர் தாமாகவே முன்வந்தார். வேதியியலில் 40தான், அதில் நான் அசையவில்லை. இயற்பியல் பேராசிரியர் என்னைச் சுயநலக்காரன் என்றார். இருக்கட்டும்.

பதினோரு மாதம் எழுதியதை அங்கே படித்துக் காட்டினேன். திருத்தும் தாள்களை நிரந்தர ஆசிரியர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டோம். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். கூடுதல் இடங்கள் முழுவதும் மதிய ஷிப்ட்டில். கடைசி வகுப்பை முன்னே தள்ளுவதற்கு நேர அட்டவணைக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. போக்குவரத்துக் கழகத்துக்குக் கல்லூரி முதல்வர் கடிதம் எழுதுகிறார், எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற பட்டியலோடு.

மூன்றாம் ஆண்டுவரை தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று மல்லிகைத் தோட்டம் கேட்டதை அலுவலகத்தில் கேட்டேன். அப்படி ஒரு பட்டியல் எங்களிடம் இல்லை. சேர்க்கைப் பதிவேடு ஓரிடம், தேர்வுக் கட்டணப் பதிவேடு வேறிடம். உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட ஆளைப் போட்டிருக்கிறேன்.

கண்காணிப்பாளர் ஐயா, பிரிவுக்கான முன்மொழிவில் இந்த ஒப்பீட்டையும் இணைக்கலாமா? பாதியில் நின்றவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு இடமே அதிகம் என்று சொல்லிவிட மாட்டார்களா?

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

சொல்வார்கள். ஆகவே வெறும் எண்ணிக்கையாக அனுப்பாதீர்கள். நின்றவர்கள் எந்த ஊர், எந்த ஷிப்ட், வகுப்பில் அந்த ஆண்டு எத்தனை பேர் இருந்தார்கள் என்ற மூன்று விவரத்தோடு அனுப்புங்கள். நெரிசலான வகுப்பில்தான் அதிகம் நின்றிருந்தால் அதுவே உங்கள் பிரிவுக்கு ஆதாரம். இல்லாவிட்டால் பஸ் கடிதத்தோடு சேர்த்துவிடுங்கள். விண்ணப்பித்தவர் பட்டியலைச் சேர்க்கை இணையதளத்திலிருந்து தரவரிசையோடு இறக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் முதல்வர் கையொப்பம், மூன்று பிரதி. ஒன்றை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் ஒரு முறையாவது தொலைத்துவிட்டுக் கேட்பார்கள்.